நின்றபடி ஆண்ட ராசா

உடையார் கதிரைக்குக் கால் ஆடுகிறது என்று ஓவசியர் சண்முகநாதன் சொன்னபோது பியாட்றிஸ் அதை நம்பினாள். முப்பத்தெட்டு வயது, பதினாறு வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பித்தவள், ஊரை உள்ளும் புறமும் அறிந்தவள்; அப்படியிருந்தும் நம்பினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் தன் மேலேயே காறித் துப்பவேண்டும் போல அவளுக்கு வரும்.

மருதனார்மடத்துக்குக் கிழக்கே ஒரு தோட்டக் கிராமம். அங்கே இளைஞர் கலை கல்விக் கழகம் என்று ஒன்றை ஓவசியர் தொடங்கி, தானே தலைவராகவும் இருந்தார். தொடங்கக் காரணம் கலையும் இல்லை, கல்வியும் இல்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்குப் போன ஊர்க்காரர்கள் ரொறன்ரோவில் ஒரு நிதியம் வைத்திருந்தார்கள். கனடாச் சபை என்றால்தான் ஊரில் எல்லாருக்கும் விளங்கும். அந்தச் சபைக்கு அங்கத்தைய வெள்ளைக்காரத் தரும நிறுவனம் ஒன்று கை கொடுத்தது, ஆனால் ஒரு நிபந்தனையும் போட்டது. சாதியால் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து படிக்க வேண்டும், ஒன்றாக மேடையேற வேண்டும், முக்கிய வேடங்களில் பாதியாவது ஒதுக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும். ஓவசியர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பம் வைத்தார். கனடாவுக்கு இங்கிலிஷில் கடிதம் எழுத ஆள் வேண்டுமே; கிறிஸ்தவ வேதக்காரியாய் இருந்தாலும் பரவாயில்லை என்று பியாட்றிஸைச் செயலாளர் ஆக்கினார்.

கழகத்தால் நல்லது ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டால் கதை சுலபம். நடந்தது, அதுதான் வில்லங்கம். அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில் ஒரு கொப்பியைக் கண்ணால் காண்பதே அருமையாக இருந்த காலம். ஓவசியரின் வளவுக் கொட்டிலில் பின்னேரங்களில் நடந்த இலவச வகுப்பில் மேற்கு ஒழுங்கைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்குக் கொப்பி கிடைத்தது, பென்சில் கிடைத்தது, பால்மா கரைத்து ஒரு கோப்பை பாலும் கிடைத்தது. மேற்கு ஒழுங்கை என்றால் பனைச் சீவல் தொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கிற ஒடுங்கிய தெரு. அவர்களுடைய சாதிப் பெயரை இப்போது யாரும் வாயால் சொல்வதில்லை. சொன்னால் ஊரை ஆளுகிற இயக்கப் பொடியள் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்ற பயம். அதனால் ஊர் ஒரு புது வித்தை பழகியிருந்தது: சொல்லாமலே செய்வது. பால் கொடுக்கும் கோப்பைகளில் பாதி பச்சை, பாதி வெள்ளை. எந்த நிறம் யாருக்கு என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையும் பிழையாக எடுக்காது. பிள்ளைகள் ஒன்றாகப் பால் குடிக்கிறார்கள் என்று கனடாவுக்கு எழுதியவள் பியாட்றிஸ்தான். நிறத்தைப் பற்றிக் கனடா கேட்கவில்லை, அவளும் எழுதவில்லை.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சண்டை நின்றது. மாசியில் கனடாச் சபையின் ஆள் இராசநாயகம் வீடியோக் கமராவோடு வருகிறார், பிள்ளைகளின் நாடகம் ஒன்றைப் படம் பிடிக்கப் போகிறார் என்று கடிதம் வந்தது. நாடகத்தைப் பியாட்றிஸ் தானே எழுதினாள். பஞ்சத்தில் களஞ்சியத்தைக் குடிகளுக்குத் திறந்துவிட்டு, அதனாலேயே முடியை இழந்து காட்டுக்குப் போகும் ஒரு ராசா. கடைசிக் காட்சியில் குடிகள் அவனைத் தேடிக் கூட்டிவந்து சிம்மாசனத்தில் இருத்துகிறார்கள். ராசாவுக்கு மேற்கு ஒழுங்கை அடைக்கலநாதனைப் போட்டாள். பத்தொன்பது வயது, சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை தூக்குகிறவன். நிபந்தனைக்காக மட்டும் போடவில்லை. கரண்ட் போய் ஐந்து வருடம், மைக் என்ற பேச்சே இல்லை. கடைசி வேலி வரைக்கும் போகிற குரல் அவனுக்கு மட்டும்தான் இருந்தது. ஓவசியரின் மருமகன் நடராசா பேசினால் இரண்டாவது வரிசைப் பாய்க்கு அப்பால் ஒரு சொல் போகாது. அவனை மந்திரியாக்கினாள்.

மந்திரி ராசாவின் காலில் விழவேண்டிய ஒரு இடம் இருந்தது. ஒத்திகைக்கு முதல் நாள் நடராசாவுக்கு முழங்கால் நோ என்று தாய்க்காரி வந்து சொன்னாள். சரி, நின்று கும்பிடட்டும் என்றாள் பியாட்றிஸ். அடுத்த நாள் அவனுக்குத் தோள்மூட்டும் நொந்தது. கடைசியில் மந்திரி சனங்களைப் பார்த்துக் கும்பிடுவான், ராசா அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்வான் என்று முடிவாகியது. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் கதிரைக்கு வந்தார்கள்.

ஓவசியரின் பாட்டனார் வெள்ளைக்காரன் காலத்தில் உடையாராக இருந்தவர். அவருடைய கதிரை, சிங்கத் தலைக் கைப்பிடியோடு, ஓவசியர் வீட்டு விறாந்தையில் கிடந்தது. வீடியோவுக்கு எடுப்பாக இருக்கும் என்று ஓவசியர் தானாகவே அதைச் சிம்மாசனமாகத் தந்தார். ஆனால் கால் ஆடுதாம். ராசா பக்கத்தில் நின்றபடி பேசட்டுமாம். தச்சனைக் கூப்பிட்டு இறுக்கலாமே என்று பியாட்றிஸ் கேட்டாள். பழைய முதிரைப் பலகை, தட்டினால் வெடிக்கும் என்று அவர் சிரித்தார். இரண்டு நாள் கழித்து ஒரு கடிதத்துக்கு ஒப்பம் வாங்கப் போனபோது அதே கதிரையில் ஓவசியர் ஒரு காலைத் தூக்கிக் கைப்பிடியில் போட்டபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கதிரை இம்மியும் அசையவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அடைக்கலநாதனுக்கு முதல் நாளே விளங்கியிருந்தது. அவன் எல்லாக் காட்சியையும் நின்றே பழகினான், ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. ஒரு நாள் எல்லாரும் போன பிறகு மட்டும் அவளிடம் வந்தான்.

"ரீச்சர், மற்ற எல்லாத்துக்கும் நிக்கிறன். கடைசிக் காட்சியிலை மட்டும் கதிரையிலை இருக்கட்டோ? அம்மா பாக்க வருவா. முப்பது வருசமா வருசப்பிறப்புக்கு அந்தக் கதிரையை முற்றத்திலை போட்டுத் தும்பாலை உரஞ்சிக் கழுவுறது அவதான்."

அவனுடைய தாய் லூர்த்தம்மாவைப் பியாட்றிஸுக்குத் தெரியும். ஓவசியர் வளவு கூட்டுகிறவள். கதிரையைக் கழுவலாம், கழுவிய கதிரையைத் தூக்கி விறாந்தைப் படி வரைக்கும் கொண்டுபோகலாம், அதற்கு மேல் அவளுடைய கால் படக்கூடாது. கேட்கவே அருவருப்பாக இருந்தது. "கடைசிக் காட்சியிலை நீ இருப்பாய். அது என்ரை பொறுப்பு," என்று பியாட்றிஸ் வாக்குக் கொடுத்தாள்.

கொடுத்த கையோடு ஓவசியரிடம் போனாள். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை; அப்படிச் சொல்ல அவர் என்ன மடையனா? கொட்டில் கிடுகெல்லாம் உக்கிப்போச்சு, வகுப்பை எத்தனை நாளைக்கு நடத்தலாமோ தெரியவில்லை என்று வேறெதையோ பேசுவதுபோலப் பேசினார். பன்னிரண்டு பிள்ளைகளின் கொப்பியையும் பாலையும் அவர் தன் வேட்டித் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறார் என்பது அவளுக்கு நன்றாக உறைத்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடான் என்று புறுபுறுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சாமி கனடாவிலிருந்து வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

சாமி கிளாலிக் கடலை வள்ளத்தில் தாண்டி வந்து இறங்கியது. நல்ல பருத்த உடம்பு, வாயில் சூயிங்கம், கழுத்தில் கமரா. நாடகத்தன்று காலை இராசநாயகம் மேடைக்கு முன்னால் தனியே நின்று வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தபோது பியாட்றிஸ் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். கோப்பை நிறம், முழங்கால் நோ, கதிரைக் கால், ஒன்றையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கமராக் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். பிறகு சிரித்தார்.

"ரீச்சர், நானும் இந்த ஊரிலை பிறந்தவன்தானே. உது எனக்குத் தெரியாதோ? வெள்ளைக்காரனுக்கு ராசா ஆரெண்டு ஒரு பேரும் படமும் வேணும். அது கிடைக்குது. ஆனா மாசா மாசம் தாறது எங்கடை ஆக்கள். உவன் உடையார் கதிரையிலை இருக்கிற படத்தை அங்கை போட்டால் பிறகு ஒருத்தரும் தரமாட்டினம். பிள்ளையளின்ரை படிப்பை யோசியுங்கோ."

பாதிச் சோறு தின்ற பிறகு குழம்புக்குள் பல்லியைக் கண்டதுபோல இருந்தது அவளுக்கு. இத்தனை வருடமும் கனடாவுக்கு எழுதுகிறேன், உலகத்துக்கு எழுதுகிறேன் என்று நினைத்து அவள் எழுதிய கடிதமெல்லாம் இதே ஒழுங்கைக்குள்தான் போய் விழுந்திருக்கிறது. ஊர்தான் விமானம் ஏறிப்போய்க் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சாமியும் பூசாரியும் ஒரே வளவு.

ஆனாலும் அவள் விட்டுவிடவில்லை. வேடம் போட்டு வெளிக்கிடுகிற கொட்டிலுக்குப் போய், ராசாவின் முடியைத் தலையில் வைத்துக்கொண்டிருந்த அடைக்கலநாதனிடம், யார் என்ன சொன்னாலும் கடைசிக் காட்சியில் போய் இரு என்றாள். மேடையில் இருந்தவனை வந்து எழுப்ப ஒருவருக்கும் துணிவு வராது என்பது அவள் கணக்கு.

வீடியோவுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் பின்னேரம் நாலு மணிக்கே நாடகம் தொடங்கியது. முன்னால் கதிரைகளில் ஓவசியரும் இராசநாயகமும் பெரியவர்களும். பிறகு பாய்களில் சனம். மேற்கு ஒழுங்கை ஆட்கள் வழக்கம்போல வேலியோரம் நின்றார்கள். வெள்ளைச் சீலை உடுத்து லூர்த்தம்மாவும் நின்றாள். அடைக்கலநாதனின் குரல் வேலியைத் தாண்டி றோட்டில் சைக்கிளில் போனவர்களையும் இறங்கி நிற்க வைத்தது. பஞ்சக் காட்சியில் பாய்களில் இருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அவன் எந்த ஒழுங்கை என்பதைச் சனம் கொஞ்ச நேரம் மறந்தே போய்விட்டது என்று பியாட்றிஸுக்குப் பட்டது.

கடைசிக் காட்சிக்குத் திரை விலகியது. கதிரையின் மேல் ஒரு நிறைகுடம் இருந்தது. மாவிலை, தேங்காய், குங்குமப் பொட்டு, எல்லாம் முறையாக. திரை மூடியிருந்த இடைவெளிக்குள் நடராசாவின் தாய் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். பாம்பும் சாகவேண்டும், தடியும் முறியக்கூடாது. அதற்குக் கடவுளையே தடியாக எடுத்துவிட்டார்கள். நிறைகுடத்தைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு அதில் இருக்க இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கு முடியும்? அதுவும் ஒரு வேதக்காரப் பிள்ளைக்கு?

குடிகள் ராசாவைக் கதிரை வரைக்கும் கூட்டிவந்து விட்டார்கள். அடைக்கலநாதன் குடத்தைப் பார்த்தான். பிறகு திரைக்குப் பக்கத்தில் நின்ற பியாட்றிஸைப் பார்த்தான். மூன்று எட்டு வைத்தால் அவள் போய்க் குடத்தை எடுத்திருக்கலாம். வேதக்காரி கும்பத்தில் கை வைத்தாள் என்று ஊர் கொதிக்கும், கொட்டில் பூட்டப்படும், பன்னிரண்டு கொப்பி போய்விடும். இவையெல்லாம் நியாயமான பயங்கள்தான். ஆனால் அவளைக் கட்டிப்போட்டது அவை இல்லை. முன் வரிசையில் இருந்து ஓவசியர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அவள் கையிலிருந்த தாள்களில் எதையோ தேடுகிறவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் அமர்கிறேன், என் குடிகளே, நீங்களும் அமருங்கள்" என்பது கடைசி வசனம். "நான் நிற்கிறேன், என் குடிகளே. நீங்கள் அமருங்கள்," என்று அடைக்கலநாதன் சொன்னான். குரல் கொஞ்சமும் தளம்பவில்லை.

கைதட்டு ஓயக் கன நேரம் சென்றது. இராசநாயகம் மேடைக்கே ஏறி வந்துவிட்டார். சிம்மாசனத்தைக் கடவுளுக்கு விட்டுவிட்டு நின்றபடி ஆளுகிற ராசா, என்ன அருமையான கற்பனை, வெள்ளைக்காரன் சொக்கிப்போவான் என்று பியாட்றிஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு நிறைகுடத்தை எடுப்பித்து, அடைக்கலநாதனின் தலையிலிருந்த முடியைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டு, கதிரையில் சாய்ந்து இருந்தார். பிள்ளைகள் சுற்றி நிற்கப் படம் எடுக்கப்பட்டது. அந்தப் பாரத்துக்கும் கதிரைக் கால் ஆடவில்லை. ஓவசியர் வாய் கொள்ளாமல் சிரித்தார். அடைக்கலநாதனைக் கதிரைக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, நிற்கச் சொன்னார்கள். வேலியோரம் லூர்த்தம்மா நின்ற இடம் வெறுமையாகிவிட்டது.

ஆட்கள் கலைந்த பிறகு அவன் முகப் பவுடரைத் துடைத்தபடி கொட்டிலுக்குள் வந்தான். பியாட்றிஸ் மன்னிப்பா, விளக்கமா, எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அதற்கு இடம் வைக்கவில்லை.

"ரீச்சர், அடுத்த முறை எனக்குக் காவற்காரன் வேசம் தாங்கோ."

ஏன் என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"அவன் எப்பவும் நிக்கிறவன்தானே. அம்மாவும் ஒண்டையும் எதிர்பாத்துக்கொண்டு வரமாட்டா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் சந்தையில் வேலை கேட்கிறவன்போல, தணிவாக, மரியாதையாகக் கேட்டான். "ஓம், தாறன்," என்றாள் பியாட்றிஸ். ஏதோ பெரிய சலுகை கொடுக்கிறவள்போல அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததைத் தன் காதாலேயே கேட்டாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். ஓவசியரையும் இராசநாயகத்தையும் விட, தன்னுடைய அந்த வாய்தான் அவளுக்கு அருவருத்தது.