ஸ்டானிஸ்லாஸ் போட்ட ஒன்பது கோல்

அறுபத்தொன்பதாம் வருஷ லீகில் நான் ஒன்பது கோல் போட்டதாகப் பேப்பரில் வந்தது. உண்மையில் நான் போட்டது இடைவேளையில் எலுமிச்சம்பழத் துண்டுகளுக்கு உப்பு.

ராயபுரம் பக்கம் எங்கள் காலேஜ் சின்னது. சொந்த மைதானம் கிடையாது, காசிமேட்டுக் கடற்கரை மணலில்தான் பிராக்டிஸ். லீக் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது சென்டர் ஃபார்வர்டு ஆடிக்கொண்டிருந்தவன் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டான். அவன் இடத்துக்கு மிச்சமிருந்தது நான் ஒருத்தன். கேப்டன் அருள்பிரகாசம் என் காலைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான். அப்போதுதான், பக்கத்தில் வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒருத்தன் எங்கள் பந்தைக் காலில் வாங்கி, நாலு பேரை ஏமாற்றிவிட்டு, "இன்னா நைனா, இத்தான் காலேஜ் ஆட்டமா?" என்று கேட்டான். அவன் பேர் எத்திராஜ். என் வயசுதான், கட்டுமரத்தில் போகிறவன்.

அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன் காலேஜ் டீமில் ஆட முடியாது. அருள்பிரகாசம் அதற்கும் வழி கண்டுபிடித்தான். பட்டியலில் என் பேர், மைதானத்தில் எத்திராஜின் கால். இரண்டு பேருமே கறுப்பு, ஒல்லி. எங்கள் காலேஜ் அடையாளச் சீட்டில் படம் கிடையாது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆடாமல் தப்பித்தோம் என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

முதல் ஆட்டத்தில் ஒரு கோல். மூன்றாவதில் மூன்று. ஒவ்வொரு தடவையும் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் என் பேர், 'ஸ்டானிஸ்லாஸ்'. என் அப்பா சவரிநாதன் ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். ஷிப்டை விட்டுவிட்டு அவரால் ஆட்டம் பார்க்க வர முடியாதது எனக்கு வசதி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். ஒரு தடவையாவது 'அது நான் இல்லை' என்று சொன்னேனா? முதுகை இன்னும் கொஞ்சம் வாகாகக் காட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

செமி ஃபைனலில் எத்திராஜ் இரண்டு கோல் போட்டான். ஆட்டம் முடிந்ததும் திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றின் அதிகாரி நேராக அவனிடம் வந்தார். "எங்க டீமுக்கு ஆள் வேணும். நிரந்தர வேலை. திங்கட்கிழமை எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோட ஆபீசுக்கு வா, ஸ்டானிஸ்லாஸ்."

அந்த வேலை அவனுக்கு எவ்வளவு தேவை என்று எங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் அவனுடைய அண்ணன் எண்ணூருக்கு நேரே கடலில் போனவன், திரும்பவே இல்லை. அன்றிலிருந்து எத்திராஜ் கட்டுமரத்தைத் தள்ளும் ஒவ்வொரு காலையும் அவன் அம்மா அங்கம்மா கரையிலேயே உட்கார்ந்துவிடுவாள். அவன் திரும்பி வந்த பிறகுதான் உலை வைப்பாள்.

உண்மையைச் சொன்னால் வேலையும் போகும், ஃபைனலும் போகும். "உன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் குடுத்துடு. தொலைஞ்சு போச்சுன்னு வேற வாங்கிக்கலாம்" என்றான் அருள்பிரகாசம். கொடுத்தேன். நான்கு நாள் எத்திராஜ் மணலில் குச்சியால் என் பேரை எழுதிப் பழகினான். "இன்னா பேரு மாமு இது, ரயிலு மாதிரி போய்க்கினே கீது" என்று சிரித்தான்.

திங்கட்கிழமை நானும் துணைக்குப் போனேன். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அதிகாரி பேனாவை எத்திராஜிடம் நீட்டினார். அவன் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் குனிந்து, நிதானமாக, 'எத்திராஜ்' என்று எழுதினான்.

"என்னப்பா இது?"

"எம்பேரு சார்."

"அப்ப ஸ்டானிஸ்லாஸ் யாரு?"

கதவோரம் நின்றிருந்த நான் கையைத் தூக்கினேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவனுடைய படிப்பைக் கேட்டார். "எட்டாவதாவது இருந்தா பேசிப் பாத்திருப்பேன்" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, லீக் கமிட்டிக்குத் தான் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. "ஒரே ஒரு கையெயுத்து! அத்தப் போட்டா இன்னா? உங்கம்மாவ நெனச்சுப் பாத்தியா நீ?"

"அத்த நெனச்சிதான் மாமு. கிரவுண்டுல ஸ்டானிஸ்லாஸுன்னு கூப்ட்டா திரும்பிக்கலாம், ஒரு மணி நேர ஆட்டம். இது ஆயுசுக்கும் இல்ல? ஏற்கெனவே ஒரு புள்ள பேரச் சொல்லிக் கூப்ட்டா வூட்ல ஆள் இல்ல. நானும் வேற பேருல போய்ட்டா எங்கம்மா யாரக் கூப்டும்?"

நான் அவனைத் திட்டியதற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ராயபுரம் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் எத்திராஜைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அட, ஸ்டானிஸ்லாஸ்! அந்த ரெண்டாவது கோலு ஷோக்கா இருந்துச்சு வாத்யாரே!"

"எம்பேரு எத்திராஜ்ணா. ஸ்டானிஸ்லாஸ் இவரு."

கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சர்தான், யார்கிட்ட கதை வுடற?" என்று சிரித்தார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். எத்திராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் எழுந்து நின்றேன்.

"அவன் சொல்றது நெஜம். ஒம்போது கோலும் அவன் போட்டது. நான் ஒண்ணுகூடப் போடல."

கண்டக்டர் சிரிப்பை நிறுத்தினார். "இன்னா பேரு சொன்ன?"

"எத்திராஜ்" என்றேன். கடைசி சீட்டில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன்.