மூன்றாவது ஆளின் ஓட்டம்

மைதானத்தில் கற்றது கல்லூரியில் கைகொடுக்கும் என்று மேடையேறிப் பேசுகிறவர்களுக்கு என்ன, பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார்கள். அதை அப்படியே நம்பிக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டவள் இவள்தான்.

பள்ளியில் தொடர் ஓட்டத்தில் நாலாவதாக, கடைசியாக ஓடுகிறவள். அதனால் பட்டப்பெயரே ‘கடைசி’. அங்கே அது பெருமை. கல்லூரிக்கும் அது எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கேட்டவர்களெல்லாம் மார்க்கைச் சொல்கிறார்கள் என்று நினைத்தார்கள். விளக்கிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

பள்ளி விளையாட்டு மாஸ்டர் ஒன்றை மட்டும் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறக்கியிருந்தார். “அடுத்தவன் ஓட்டம் அவன் ஓட்டம். உன் கைக்குக் கட்டை வர்ற வரைக்கும் திரும்பிப் பாக்காதே. அவன் கீழே போட்டா அவன்தான் எடுக்கணும்.”

உள்ளதைச் சொல்ல வேண்டும், முதல் வருடம் அது கைகொடுக்கத்தான் செய்தது. யார் எவ்வளவு எடுத்தார்கள், யார் யாரோடு சுற்றுகிறார்கள் என்று எட்டிப் பார்க்காமல், தன் பாடத்தைப் படித்தாள், பாஸ் பண்ணினாள். இரண்டு பஸ் மாறி நின்றுகொண்டே வந்து போகிறவளுக்கு ஊர்வம்புக்குத் தெம்பு ஏது?

கடைசி வருடம் கான்கிரீட் ப்ராஜெக்ட் வந்தது. நாலு பேர் குழு. வாயாடி ஒருத்தி கலவை போட வேண்டும், கண்ணாடிக்காரன் அதை அச்சில் ஊற்றி எடுக்க வேண்டும். மூன்றாவது ஆள், அச்சிலிருந்து வந்த க்யூப்களைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு நாலு வாரம் ஊறவிட வேண்டும். ஊறினால்தான் கான்கிரீட் இறுகும். நாலாவதாக இவள் அவற்றை மெஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று காட்ட வேண்டும். தொடர் ஓட்டமேதான் என்று அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

மூன்றாவது ஆள் ‘தூங்குமூஞ்சி’. இரவெல்லாம் பார்சல் கிடங்கில் மூட்டை ஏற்றிவிட்டு, காலையில் நேராக வகுப்புக்கு வந்து பெஞ்சில் சாய்கிறவன். பாவம், பெயர் வைத்தவர்கள் ஒருநாள் அந்த மூட்டையைத் தூக்கிப் பார்க்கட்டும்.

விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் லேப் வழியாகப் போனாள். தொட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் க்யூப்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. குனிந்து தூக்கிப் போட வேண்டியதுதான். அவள் நின்றாள். அவன் வேலை, அவன் வந்து போடுவான் என்று நினைத்தாள். கால் வேறு கடுகடுவென்று வலித்தது. பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

விடுமுறை முடிந்து வந்துதான் அவன் அலறி அடித்துக்கொண்டு க்யூப்களைத் தொட்டியில் இறக்கினான். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. சோதனை நாளன்று மெஷினின் முள் பாதிகூட ஏறவில்லை, முதல் க்யூப் பொலபொலவென்று உதிர்ந்தது. அடுத்ததும் அப்படியே.

“இது என்ன கான்கிரீட்டா, பிஸ்கட்டா?” என்றார் லேப் சார். “யார் ஊறவெச்சது?”

“நான்தான் சார். மறந்துட்டேன்” என்றான் தூங்குமூஞ்சி.

“சரி. மத்த மூணு பேரும் பாஸ். நீ அடுத்த வருஷம் வந்து திரும்பப் பண்ணு.”

“சரி சார்.” அவ்வளவுதான் சொன்னான். வாதாடக்கூட உடம்பில் தெம்பில்லாதவன் சொல்கிற ‘சரி’ அது.

அவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் பாஸ். ஹோட்டல் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்று விரிப்புகளை இஸ்திரி போடுகிற அம்மா, “இந்த வருஷம்தாண்டி, அதுக்கு மேல என் முதுகு தாங்காது” என்று சொல்லியிருக்கிறாள். பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை.

“சார், க்யூப் வெளியே கிடந்ததை நானும் பாத்தேன். தூக்கிப் போட்டிருக்கலாம். போடலை.”

“ஏன்?”

“அது அவன் வேலைன்னு…”

சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அவருக்கும் அன்றைக்கு அது ஐந்தாவது குழு. “நாளைக்கு ஒரு கட்டடம் விழுந்தா, உள்ளே மாட்டினவங்ககிட்டயும் இதையே சொல்லுவியாம்மா? நீயும் திரும்பப் பண்ணு.”

வீட்டுக்கு வந்தபோது அம்மா முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சுவரோரம் படுத்திருந்தாள். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். ஒரு வருடம் போச்சு என்று அம்மா திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தாள்.

“அந்தப் பையன் ராத்திரி மூட்டை தூக்கறான்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் அம்மா.

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா தாண்டிப் போனே?”

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, சலவைக்கூடத்து மேஸ்திரிக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, அடுத்த மாசத்தோட நின்னுக்கறேன்னு சொல்லியிருந்தேனே, நிக்கலை. இன்னும் ஒரு வருஷம் வர்றேன்.”