லோர்னா போட்ட பிழை

காலை ஏழரைக்குப் பேக்கரியின் கதவைத் தள்ளியபோதே லோர்னா ஹூக்ஸ்ட்ராவுக்குத் தெரிந்துவிட்டது, பேச்சு தன் வீட்டு மாடியைப் பற்றித்தான் என்று. ஜன்னலோர மேசையில் இருந்த இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் காப்பியை உறிஞ்சினார்கள். எங்கள் ஊர் ஆண்கள் அத்தனை ஒற்றுமையாக வேறு எதையும் செய்து நாங்கள் பார்த்ததில்லை.

மாடியில் குடியிருப்பவன் காலெப் ப்ரூயிட். எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் பந்துவீச்சாளன், இருபத்துமூன்று வயது. மனைவி மரிசாவுக்கு எட்டாம் மாதம். படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன கர்ப்பத்தின்போது, காலெப்பைத் திடீரென்று வேறு அணிக்கு மாற்றிவிட, அவன் ஆயிரம் மைல் தள்ளி ஆடிக்கொண்டிருந்த வாரத்தில் அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினாள். இந்த வருடம் அணிகள் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்வதற்குக் கடைசி நேரம் இன்று மாலை ஐந்து மணி.

லோர்னா மைதானத்தின் ஸ்கோரர். பதினெட்டு வருடமாக மேலே கண்ணாடி அறையில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருப்பவள். அடித்த பந்தை ஃபீல்டர் பிடிக்காமல் விட்டால், அது நல்ல அடியா, ஃபீல்டரின் பிழையா என்று சொல்வது அவள்தான். நல்ல அடி என்றால் அதனால் வரும் ரன்கள் பந்துவீச்சாளன் தலையில் விழும். பிழை என்று போட்டால் அவன் பிழைத்துக்கொள்வான். ஏப்ரலில் மரிசா ஒரு பெட்டியோடும் வயிற்றோடும் வந்து இறங்கிய நாளிலிருந்து லோர்னாவின் பென்சில் கொஞ்சம் காலெப் பக்கமாகவே சாய்ந்தது. ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பழியெல்லாம் சுமக்கிற ஃபீல்டர், ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நிற்கும் பையன் மட்டும் கடையில் அவளைப் பார்த்தால் ரொட்டி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

“வா லோர்னா, உன்னத்தான் பேசிட்டிருந்தோம்,” என்றார் சலூன்காரர் டுவேன். “ஒன்னு புள்ளி ஒம்பது எட்டு! ஒம்பது இன்னிங்ஸுக்கு முழுசா ரெண்டு ரன்கூட குடுக்காத பையன். மேற்குக் கரைல ஒரு அணி கேக்குதாம்ல?”

“பாதி அதிர்ஷ்டம்யா,” என்றார் சோளக் கிடங்கு வெர்லின். “அவன அடிக்கிற பந்தெல்லாம் நேரா ஆளு கைக்கே போகுது. அடுத்த வருசம் இதே பந்து சந்துல பூந்து ஓடும் பாரு. நம்ம அணிக்காரனுங்க கில்லாடிங்க, அந்த அதிர்ஷ்டத்த மேற்குக்காரன் தலைல கட்டிட்டு ஒரு நல்ல அடிக்காரன வாங்கப் பாக்குறானுங்க.”

“சின்னப் பையன்யா, இன்னும் பழுக்கணும். அதுக்குத்தான் மதிப்பு. சரி, பாதி அதிர்ஷ்டம்னா மீதி பாதி?”

வெர்லின் லோர்னாவைப் பார்த்தார். “மீதி பாதி பென்சிலு.”

சிரித்தார்கள். லோர்னாவும் சிரித்துவைத்தாள். வாங்கின ரொட்டியோடு அவர்கள் மேசையிலேயே உட்கார்ந்தாள்.

“நெஜமாவே அந்த நம்பரப் பாத்துத்தான் கேக்குறாங்களா?” என்று வெர்லினைக் கேட்டாள்.

“வெவரமானவன் பாக்க மாட்டான். பந்து எப்படி சுத்துது, மட்டைல எவ்ளோ வேகமா படுதுன்னு மெஷினே சொல்லிருது. உன் பென்சில எவன் சீண்டுறான்?”

“அப்ப அந்த மேற்குக்காரன் வெவரமானவனா?”

“அது தெரிஞ்சா நான் ஏன்மா சோளத்துக்குக் காவல் இருக்கேன்?”

லோர்னா எழுந்து போய்விட்டாள். ரொட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். மதியத்துக்குள் அது ஊர் முழுக்கப் பரவியது.

வீட்டில் காலெப் மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். “அங்க போனா இந்த வருசமே பெரிய லீக்ல எறக்கிருவாங்கன்னு ஏஜென்ட் சொல்றாரு, மிஸ் லோர்னா. மரிசாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க.” முகம் மலர்ந்துதான் இருந்தது. ஆனால் ஷூ நாடாவை மூன்று தடவை கட்டி அவிழ்த்தான். அவன் மைதானத்துக்குப் போனதும் லோர்னா மேலே சாப்பாடு கொண்டுபோனாள். மரிசா தட்டைத் தொடவில்லை.

“நேத்து ஆறாவது இன்னிங்ஸ்ல அந்தப் பந்து,” என்றாள். “போன்ல பத்து தடவ பாத்துட்டேன். அத ஷார்ட்ஸ்டாப் பையன் தவற விடல. யாராலயும் பிடிச்சிருக்க முடியாது. நல்ல அடிதானே மிஸ் லோர்னா?”

லோர்னா போர்வையைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரிசெய்தாள்.

“மூணு ரன்னு வந்துது. நீங்க பிழைன்னு போட்டீங்க. ஒரு நாளைக்குள்ள மாத்தலாம்னு சொல்லுவீங்கல்ல? எனக்காக மாத்தச் சொல்லல. எது நெஜமோ அத எழுதுங்கன்றேன்.” சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “எனக்காகவும்தான்.”

நான்கரை மணிக்கு லோர்னா சமையலறை மேசையில் ஸ்கோர் புத்தகத்தை விரித்தாள். மாற்றினால் ஒன்று புள்ளி ஒன்பது எட்டு, இரண்டு புள்ளி மூன்று பூஜ்யம் ஆகும். மேற்குக்காரன் கொஞ்சம் யோசிக்கலாம். யோசிக்காமலும் போகலாம். அவளால்தான் காலெப் பெரிய லீக்குக்குப் போகவில்லை என்று ஆகலாம். மாற்றாவிட்டால், இந்தப் பெண் இன்னொரு முறை தனியாக ஆஸ்பத்திரிப் படி ஏற வேண்டிவரும், அதற்கும் அவளே காரணம். இரண்டுக்கும் நடுவே வெர்லின் சொன்னது வேறு: உன் பென்சிலை எவன் சீண்டுகிறான். அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

கண்ணை மூடினாள். அந்தப் பந்து மறுபடி வந்தது; தரையில் பட்டு, கல்லில் தெறித்தது போல எகிறி, ஷார்ட்ஸ்டாப்பின் தோளைத் தாண்டிப் போனது. நல்ல அடி. நேற்றும் நல்ல அடிதான்.

ரப்பரை எடுத்து அழித்தாள். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகத் தாள் கிழிந்துவிடுமோ என்று தோன்றியது. லீக் அலுவலகத்துக்கு மடிக்கணினியில் இரண்டு வரி தட்டி, அனுப்பினாள். சுவர்க் கடிகாரம் நான்கு ஐம்பத்திரண்டு காட்டியது.

ரப்பர் துகள்களை உள்ளங்கையால் கூட்டிக்கொண்டிருந்தபோது மாடியில் மரிசாவின் போன் அடித்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. பிறகு நின்றது. மரிசா எடுத்திருக்க வேண்டும். லோர்னா துகள்களைக் கைக்குள் மூடிக்கொண்டு மேலே பார்த்தாள்.

அவள் தலைக்கு நேர் மேலே, மரத்தளத்தில், கட்டிலை விட்டு இறங்கவே கூடாத வெறுங்கால்கள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, இறங்கி நின்ற சத்தம் கேட்டது.