துடைக்க வேண்டாத கட்டில்

கட்டில் கம்பியைப் பிடித்ததும் அவள் விரல் ஒட்டியது. சிந்திய மருந்தும் பலர் கைவியர்வையும் சேர்ந்த பிசுக்கு. அதற்கு அடியில் இருந்த பூச்சு அவள் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. மேலே வந்து உட்காரும் கிருமியின் தோலைக் கிழித்துக் கொல்லும் பாலிமர். ஆனால் கிருமி அதைத் தொட்டால்தான் சாகும். நடுவில் அழுக்கு படிந்துவிட்டால் சொகுசாகப் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். இதைத் தம்பியிடம் விற்கத் தொடங்கும்போதே தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

விற்பனை தம்பியுடையது. வாய்ப்பந்தல் போடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

"தினமும் துடைக்கணும்னு சொன்னா எவன்க்கா வாங்குவான்? துடைக்கவே வேணாம், அதான் நம்ம சரக்கு" என்றான்.

அவளும் வாயை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டில்கள் அத்தனைக்கும் பூச்சு ஏறியது. அதில் ஒன்றில்தான் இப்போது அப்பா படுத்திருந்தார். மூட்டு மாற்றிய காலில், கட்டுக்குள் சீழ் கோத்திருந்தது.

துப்புரவு செய்கிற பெண்ணிடம் பாய்ந்தாள். "ஏன் துடைக்கலை?"

"வேணாம்னு உத்தரவும்மா. மத்த கட்டிலையெல்லாம் நோயாளி கூட இருக்கிறவங்களே துடைச்சுக்கிறாங்க. உங்கப்பாதான் துணியைக் கண்டாலே கையைத் தட்டிவிடுறாரு."

அப்பா சிரித்தார். காய்ச்சலில் கண்கள் சிவந்திருந்தன. "என் பொண்ணு செஞ்சது, என் பையன் வித்தது. போட்டுத் தேய்ச்சா மருந்து போயிடாதா? அவன்தான் படிச்சுப் படிச்சு சொன்னானே."

அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தப் பெருமையைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கோழைத்தனத்துக்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு, அவர் கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்துத் திருட்டுத்தனமாகத் துடைத்தாள். வெள்ளம் தலைக்கு மேல் போனபிறகு அணை கட்டிய கதைதான். சீழ் எலும்புக்குள் இறங்கிவிட்டது. காலைத் தொடையோடு எடுத்தார்கள்.

தம்பி வராந்தாவில் நின்று தேம்பித் தேம்பி அழுதான். "வெளியிலேருந்து வந்த கிருமியா இருக்கும்க்கா" என்றான். அழுகையிலும் வியாபாரி வியாபாரிதான்.

அப்பா கண் விழித்தபோது கால் இருந்த இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது. அதைத் தடவிப் பார்த்தார். இனியும் மறைப்பதில்லை என்று முடிவுசெய்து, அவர் கண்ணெதிரே ஈரத்துணியைப் பிழிந்து கம்பியில் வைத்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"துடைக்காதம்மா. கால் போனா போகுது. வேற கட்டில்ல போட்டிருந்தா உயிரே போயிருக்கும்."