பரஸ்தானம் வைத்த பை

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் துபாய் விமானம். அதற்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் அப்பட்டமான ராகு காலம். மேல் மாடி ரஞ்சனா அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. அவளுக்காக நான் பட்டேன். லேக் கார்டன்ஸில் வங்காளிகள் நிறைந்த எங்கள் கட்டடத்தில் தமிழ் பேசுவது இரண்டே வீடு. ஒரு வீட்டைப் பற்றி இன்னொரு வீடு கவலைப்படாவிட்டால் வேறு யார் படுவார்கள்?

"பரஸ்தானம் வெச்சுடுடி" என்றேன்.

நல்ல வேளையில் ஒரு பையைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டால் போதும். ராகுவின் கண்ணில் மண்ணைத் தூவ நம் பெரியவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி.

காலையிலேயே ஒரு பழைய புடவையைப் பையில் திணித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இதென்ன கண்துடைப்பு? ஊருக்குப் போக நெஜமாவே வேண்டிய சாமான் ஏதாவது இருக்க வேண்டாமோ?"

"சரி, பட்டு மாமி" என்று சலித்துக்கொண்டு மேலே போனவள், நீலத் தோள்பை ஒன்றைக் கொண்டுவந்து என் கூடத்து நாற்காலியில் வைத்தாள்.

ரஞ்சனாவுக்கு நாற்பத்தாறு வயது. சால்ட் லேக்கில் வேலை. அப்பா அம்மா போனபின் தனியாகத்தான் இருக்கிறாள். துபாயில் சித்தி பெண் வீட்டுக்குப் போவதாகக் கட்டடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவள் அம்மாவுக்குத் தங்கையே கிடையாது. எனக்குத் தெரியாதா? மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது, சரி, துணி இன்னும் காயவில்லைதான், அவள் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "கல்யாணத்துக்கு இங்கேருந்தே சரின்னு சொல்ல மாட்டேன் கிரிதர். ஒரு தடவை அங்க வந்து உங்களோட நாலு நாள் பேசிப் பழகிட்டுத்தான் சொல்லுவேன்." அதற்குமேல் காற்று திசை மாறிவிட்டது. காற்றுக்கு எப்போதுமே சமயம் தெரியாது.

டாக்ஸி வந்தது, பெட்டி ஏறியது. பால்கனியிலிருந்து கையை ஆட்டிவிட்டு உள்ளே திரும்பினால், காப்பிக்குக் காத்திருக்கும் விருந்தாளி போல நாற்காலியில் நீலப் பை உட்கார்ந்திருந்தது.

திறந்து பார்த்தேன். யாராக இருந்தாலும் பார்ப்பார்கள். உள்ளே பாஸ்போர்ட்.

'நெஜமாவே வேண்டிய சாமான்.' என் வாயை எதைக் கொண்டு அடைப்பது? கூப்பிட்டால் அவள் கைப்பேசி வேறு யாருடனோ பேசிக்கொண்டே இருந்தது. பையை மாட்டிக்கொண்டு ஓடினேன், நடு ராகு காலத்தில். வாசலில் கீழ்வீட்டு வங்காளி அண்ணி பூர்ணிமா பௌதி, "பட்டுதி, கோத்தாய் ஜாச்சோ?" என்றாள். எங்கே போகிறேன் என்று கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் நான் போனது அன்றுதான் முதல் தடவை. பாவம், அசந்து போயிருப்பாள்.

ரவீந்திர சரோபரில் மெட்ரோ ஏறினேன். சுரங்கத்துக்குள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே பக்கமாக ஆடினார்கள், ஒரே தூக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் மாதிரி. நகரம் முழுவதும் என் தலைக்கு மேலே சத்தமில்லாமல் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பெல்காச்சியா தாண்டி வண்டி வெளிச்சத்துக்கு ஏறியபோது, ஜனவரி வெயில் பால் அதிகமான தேநீர் நிறத்தில் எல்லார் முகத்திலும் கொட்டியது. அப்போது அவளே கூப்பிட்டாள்.

"மாமி, பை…"

"எங்கிட்டதான் இருக்கு. வாசல்லயே நில்லு, வந்துண்டே இருக்கேன்."

"வேண்டாம் மாமி. திரும்பிப் போயிடுங்கோ." குரலில் அழுகை இல்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்று கேட்ட குழந்தையின் நிம்மதி இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நோவாபாராவில் வண்டி மாறினேன். இங்கே எல்லார் காலடியிலும் பெட்டி. ஒருவர் சந்தேஷ் இனிப்பு டப்பாவைக் கைக்குழந்தை போல மடியில் சாய்த்து வைத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே குளங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஆகாயம். திடீரென்று வண்டி மறுபடி பூமிக்குள் இறங்கியது. ஆகாயத்துக்குப் போகிறவர்களைப் பாதாளம் வழியாகக் கொண்டுபோகிறார்களே என்று தோன்றியது.

விமான நிலையத்துக்கான ஜெய் ஹிந்த் நிலையத்தில் இறங்கி, நடைபாதை முடிந்து மேலே வந்தால், அது வருகிறவர்களின் தளம். சாமந்தி மாலையோடு நின்றவர்கள் என்னைத் தாண்டி யாரையோ தேடினார்கள். ஒரு கணம் நானே எங்கிருந்தோ வந்து இறங்கியவள் போலவும், என்னை அழைத்துப்போக யாரும் வரவில்லை போலவும் இருந்தது. பிறகு சுதாரித்துக்கொண்டு லிஃப்டில் ஏறினேன்.

மேலே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. மஞ்சள் டாக்ஸிகள் அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக முளைத்தன. கண்ணாடிக்கு உள்ளே, கூரை நிறைய வங்காள எழுத்துகள் மிதந்துகொண்டிருந்தன. வெளியே, தள்ளுவண்டியில் பெட்டிமேல் ரஞ்சனா உட்கார்ந்திருந்தாள்.

"தடங்கல் ஆயிடுத்து மாமி. போக வேண்டாம்னு இருக்கு போல."

"தடங்கலா? உன் பயணம் காலம்பரயே கிளம்பியாச்சு. நீதான் பின்தங்கிட்டே."

"இந்த வயசுல இதெல்லாம்… ஊர் சிரிக்கும்."

"ஊருன்னா யாரு? நான்தானே! சிரிக்கறபோது சிரிச்சுக்கறேன். பரஸ்தானம் வெச்ச பை ஊருக்குப் போகாம வாசப்படி திரும்பக் கூடாது. அதோட, என் ஆத்து நாற்காலியில நான் உக்காரணும்."

அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மேலே எங்கோ ஒரு விமானம் பனியைக் கிழித்துக்கொண்டு போனது. அது போன பிறகும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

"எனக்குச் சித்தியே கிடையாது மாமி."

"தெரியும்டி."

"அவர் யாருன்னா… எப்படிப் பழக்கம்னா…"

என் இரண்டு காதும் தானாக முன்னால் வந்தன. எத்தனை மாதமாகக் காத்திருந்த கதை! ஆனால் இப்போதே எல்லாவற்றையும் என்னிடம் கொட்டிவிட்டால் மனசு காலியாகிவிடும். காலியானவள் என்னோடேயே மெட்ரோ ஏறிவிடுவாள். எனக்குத் தெரியும், நான் கேட்டுக் காலியாக்கியவர்கள் நிறைய.

"சொல்லாதே" என்றேன். இந்த வார்த்தையை நான் இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. "போயிட்டு வந்து முழுசாச் சொல்லு. பாதிக் கதை எனக்கு ஜீரணமாகாது."

அவள் சிரித்தாள். எழுந்து, வாசலில் நின்ற காவலரிடம் பாஸ்போர்ட்டை நீட்டினாள். அவர் அந்தப் படத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் திடுக்கிட்டு விழித்தவள், இங்கே வேறு யாரோ. உள்ளே விட்டார். எழுத்துகளுக்குக் கீழே நீலப் பை சிறிதாகிக்கொண்டே போய்க் கரைந்தது.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. வாசலில் பூர்ணிமா பௌதி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், வேலை வெட்டி இல்லாதவள்.

"துபாயில யாராம்?" என்று வங்காளத்தில் கேட்டாள், புருவத்தை ஏற்றிக்கொண்டு.

"சித்தி பொண்ணு" என்றேன்.

ரஞ்சனாவின் அம்மாவுக்குத் தங்கை கிடையாது என்பது பூர்ணிமாவுக்கும் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன்.