எதால் வகுபடும்

நாற்பது வருடம் தரைக்குக் கல் பதித்தவன் நான். எண்களை எனக்குக் கல்லாகத்தான் தெரியும். பன்னிரண்டு கல் இருந்தால் மூன்று வரிசை, நாலு வரிசை என்று அடக்கலாம். பதின்மூன்று அடங்காது. சுவரோரம் ஒற்றை வரிசையாகத்தான் போகும். அதற்குப் பகா எண் என்று பேராம். மகள் சொன்னாள்.

அவளுக்கு அதுதான் பைத்தியம். கோடி இலக்கத்துக்கு மேல் நீளமான ஒரு எண்ணை எடுத்து, அது பகா எண்ணா என்று சோதிக்கிறாள். அவள் வாடகை அறையில் கணினிச் சத்தம் கூடாதாம். கொண்டுவந்து என் வீட்டில், அவள் பழைய அறையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் போன்.

"நூத்துக்கு எவ்வளவுப்பா காட்டுது?"

நான் சொல்வேன். "சாப்டீங்களா?" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அவள் அம்மா போன பிறகு அதுகூட இருந்ததில்லை. சோதனை முடிந்தால் போனும் முடியும். எனக்குத் தெரியாதா?

ஏழாவது வாரம் நூறு வந்துவிட்டது. தொண்ணூற்றொன்பது என்றேன். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன்.

"போன வாரமும் அதானேப்பா?"

"உன் மெஷின் உன்ன மாதிரி. வரேன்னு சொல்லும், வராது."

"முடிஞ்சிருச்சில்ல? கடைசி வரியப் படிங்க. முழுக்க பூஜ்யமா இருக்கா?"

"இல்ல. எண்ணும் எழுத்துமா கந்தரகோளமா இருக்கு."

"அப்ப பகா எண் இல்லப்பா. எதாலயோ வகுபடும்."

"எதால?"

"அது தெரியாது. வகுபடும்னு மட்டுந்தான் இந்தச் சோதனை சொல்லும்."

"ஆள் யாருன்னே தெரியாம திருட்டுப் பட்டம் கட்டுவியா? கல்லெல்லாம் சரியா அடங்கும், எத்தன வரிசைன்னு மட்டும் தெரியாதுன்னு நான் சொல்லியிருந்தா, மேஸ்திரி என் கரண்டியப் பிடுங்கிட்டு வெரட்டியிருப்பான்."

சிரித்தாள். பிறகு, "மெஷின எடுத்துட்டு வர ஆள் அனுப்பறேன்ப்பா" என்றாள்.

"ஆளும் வேணாம், தேளும் வேணாம். எதால வகுபடும்னு தேடச் சொல்லு அத."

"அது உங்க ஆயுசுல நடக்காதுப்பா. என் ஆயுசுலயும் சந்தேகம்."

"நடக்கலன்னா போவுது. நீ வாரா வாரம் கேளு. நான் எங்க போயிடப் போறேன்?"

மூக்கை உறிஞ்சினாள். சளியாக இருக்கும்.

"சரி, நான் சொல்றதத் தட்டுங்க" என்றாள். தட்டினேன். அடங்கியிருந்த விசிறி சுற்ற ஆரம்பித்தது.

"எவ்வளவு காட்டுது?"

"பூஜ்யம்."

"சரிப்பா. ஞாயித்துக்கிழம பேசறேன். சாப்பிடுங்க."

போனை வைத்ததும் சுவிட்சின் மேல் ஒட்டுநாடா ஒட்டினேன், யாரும் தெரியாமல் அணைத்துவிடக் கூடாதென்று. ஒட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. இந்த வீட்டில் அணைக்க யார் இருக்கிறார்கள்?