கீச்சிடாத தோல்

குமாசியில் என் சோப்புத் தண்ணீரை அறியாத வீடு குறைவு. கேஜேட்டியா சந்தையில் எண்ணெய்ப் பிசுக்கேறிய தட்டை அதில் முக்கியெடுத்துக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்ப்பேன். கீச்சென்று சத்தம் வரும். சனங்கள் அந்தச் சத்தத்துக்காகவே வாங்குவார்கள். எங்கள் ஊரில் தட்டானாலும் முதுகானாலும் கீச்சிட்டால்தான் சுத்தம்.

என் தம்பி பொன்சுவின் மகன் ஓசெய்க்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. பாலைவனத்திலிருந்து வருகிற வறண்ட அர்மட்டான் காற்று வீசத் தொடங்கியதும் அவன் கை மடிப்பும் கால் மடிப்பும் வறண்டு, வெடித்து, சிவந்துவிட்டன. குளிக்கிற தொட்டியைக் கண்டாலே வீறிட்டு அழுவான். சாதாரண சோப்பு கூடாது, மென்மையான எதையாவது போட்டுக் குளிப்பாட்டுங்கள் என்றார் டாக்டர்.

என் தொழிலே அதுதானே. தேங்காய் எண்ணெயிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் எடுக்கிற ஒரு சரக்கை வாங்கிவந்து, தோலுக்கு ஒத்துவருகிற அளவுக்குப் புளிப்பும் காரமும் பார்த்துக் கலக்கினேன். எந்தச் சோப்புத் துகளுக்கும் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரோடு போகும். அழுக்கு அப்படித்தான் கிளம்புகிறது. தட்டு கழுவுகிற முரட்டுச் சரக்கு தோலுக்குள்ளும் புகுந்துவிடும். குப்பை அள்ள வந்தவன் வீட்டுச் சாமானையும் அள்ளிப்போவதுபோல, தோலின் சொந்த எண்ணெயையும் உருவிக்கொண்டு போகும். நான் கலக்கிய சரக்கின் துகளுக்கோ தண்ணீரோடு போகிற தலை பெரிது. கூட்டமாகச் சேர்ந்து மேலாக நிற்கும் அழுக்கைச் சுமந்துகொண்டு போகும், உள்ளே அவ்வளவாக நுழையாது. நுரை கொஞ்சம்தான்.

கொடுத்துச் சில வாரமாகியும் புண் ஆறவில்லை. பொன்சு என் கடைக்கே வந்து நின்றான்.

"நுரையும் காணோம், குணமும் காணோம். பச்சத் தண்ணிய பாட்டில்ல அடைச்சுக் குடுத்தியாக்கா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறுநாள் காலையே அவன் வீட்டுக்குப் போய், குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"என் கண்ணு முன்னால குளிப்பாட்டு" என்றேன், அவன் மனைவி அச்சியாவிடம்.

பாவம், நன்றாகத்தான் குளிப்பாட்டினாள். என் சரக்கைக் கையில் ஊற்றி மெல்லத் தடவினாள். தண்ணீர் விட்டாள். பிள்ளையின் முதுகைக் கட்டைவிரலால் தேய்த்தாள். சத்தம் வரவில்லை. இன்னும் தண்ணீர் விட்டாள்.

"பாருங்கக்கா, எவ்வளவு ஊத்தினாலும் உங்க சோப்பு போவே மாட்டேங்குது. வழவழன்னே இருக்கு. அதான் கடைசில இத ஒரு தடவ போட்டு எடுத்துருவேன்."

சன்னலிலிருந்து நான் விற்கிற தட்டு கழுவும் சோப்பையும், தேய்க்கிற நைலான் வலையையும் எடுத்தாள். வலையைப் பார்த்ததும் ஓசெய் அலற ஆரம்பித்தான். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தெனமும் இப்படித்தானா?"

"ஆமாக்கா. சோப்போடயே விட்டா புள்ளைக்கு இன்னும் அரிக்காதா?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவள் கண் நிறைந்திருந்தது. ராத்தூக்கம் இல்லாத முகம். மனசு கேட்கவில்லை.

"அது சோப்பு இல்லடி. அவன் தோலு."

"வழவழன்னு இருக்கே?"

"புள்ளத் தோலு வேற எப்படி இருக்கும், உன் புருஷன் கன்னம் மாதிரியா? எண்ணெய் மொத்தமும் போனாத்தான் கீச்சுங்கும். அந்தச் சத்தம் தட்டுக்கு நல்லது. இவனுக்கு வேணாம்."

அவள் தன் முன்கையைத் தேய்த்துப் பார்த்தாள், பிறகு பிள்ளையின் முதுகை. வலையைக் கீழே போட்டாள். ஈரம் காய்வதற்குள் ஷியாக் கொட்டையிலிருந்து எடுக்கிற வெண்ணெயைத் தடவித் துணியில் சுற்றினோம்.

அர்மட்டான் ஓய்வதற்கு முன்பே மடிப்புகளில் சிவப்பு இறங்கி, புதுத் தோல் மூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அச்சியா அவனைக் குளிப்பாட்டி முடித்துத் தூக்கினாள். வீடே அதிரும்படி வீறிட்டான்.

பொன்சு உள்ளேயிருந்து ஓடிவந்தான். அச்சியா கை மடிப்பை விரித்துப் பார்த்தாள், கால் மடிப்பை விரித்துப் பார்த்தாள். எங்கும் ஒன்றுமில்லை. அவனோ கீழே தொட்டியை நோக்கிக் கையை நீட்டித் துள்ளினான். தயங்கித் தயங்கி மறுபடி தண்ணீரில் உட்கார வைத்தாள். அழுகை பட்டென்று நின்றது. இரண்டு கையாலும் தண்ணீரை அடித்து எங்கள் மூவரையும் நனைத்தான்.

அச்சியா ஈரத் தரையிலேயே சரிந்து உட்கார்ந்து, "இருக்கட்டும்க்கா, சாயங்காலம் வரைக்கும் அதுலயே கெடக்கட்டும்" என்றாள்.